அம்பு வேலை செய்கிற தூரம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி சுற்றுகிற அழகுக்கு அதை நிறுத்தியே வைக்கலாம், இன்ஸ்பெக்டரம்மா. கரண்டாவது மிச்சமாகும். நான் காற்று விஷயத்தில் கொஞ்சம் கறாரான ஆள். பாம்பன் பாலத்தில் காற்று மிஞ்சினால் ரயிலை நிறுத்தி வைக்கிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவன். மந்திரி இருந்த ரயிலையே நிறுத்தியிருக்கிறேன். "யாருய்யா நிறுத்துனது?" என்று கத்தினார். "வாயு பகவான்" என்றேன். சரி, கத்தினது மந்திரியின் பி.ஏ.வாகவும் இருந்திருக்கலாம். ரயில் நின்றது நிஜம்.

லாக்கப்பில் உட்கார்ந்து "என் கையால போயிட்டாளே" என்று அழுகிறாரே குருநாதன், அவரை வெளியே விடுங்கள். அவர் என் தங்கச்சி நாகலெட்சுமியின் புருஷன். அவள் செத்தது அவர் அம்பு பட்டு என்று ஊரே நம்புகிறது, நீங்கள் நம்புகிறீர்கள், கடைசியில் அவரே நம்புகிறார். அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பப்பாளிப் பழத்தைக்கூடக் காயப்படுத்தாத வில் அது. செய்தவன் நான். நிதானமாகச் சொல்கிறேன்.

விஜயதசமி சாயங்காலம் எங்கள் ஊர் அம்மன் பொட்டலுக்கு எழுந்தருளும். அங்கே நட்டிருக்கிற வாழைமரம்தான் அசுரன். அம்மன் சார்பாக எங்கள் வீட்டு ஆண் ஒருத்தர் அதில் அம்பு போட வேண்டும். பட்டால் அந்த வருஷம் மழை. எங்கள் வீட்டில் பிறந்த பெண் வாழைக்குப் பக்கத்தில் தட்டோடு நின்று, அம்பு போட்டவருக்கு ஆரத்தி எடுக்க வேண்டும். அய்யாவுக்குப் பிறகு அது என் மரியாதை. ஆனால் அந்த நாளில் பார்த்து எனக்குப் பாலத்தில் டூட்டி வரும். அதனால் என் பேரைச் சொல்லி மாப்பிள்ளை போட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகி வந்ததும் வில்லைக் கேட்டேன். ஊர்க்கூட்டத்தில் பதில் சொன்னது மாப்பிள்ளை இல்லை. நாகலெட்சுமி எழுந்தாள்.

"அண்ணனுக்குக் கண்ணுல புரை. கை நடுங்குது. வில்லக் குடுத்தா அம்பு கடலாடிக்குப் போயிரும்."

"கடலாடியிலயாச்சும் மழ பெய்யட்டும், விடும்மா" என்றார் ஊர்த்தலைவர் கூத்தையா.

சிரித்த சிரிப்பு தலைமன்னார் வரைக்கும் கேட்டிருக்கும். நான் கோபப்படவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறமும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆன்லைனில் ஒரு குறுக்குவில் வாங்கினேன். துப்பாக்கி மாதிரி ஒரு கட்டை, அதன் முனையில் வில் குறுக்கே படுத்திருக்கும். சாதாரண வில்லென்றால் நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டே குறி பார்க்க வேண்டும். கை நடுங்கினால் கதை முடிந்தது. இதில் ஒரு தடவை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். குறி பார்க்க மேலே ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி. விசையை ஒரு விரலால் தொட்டால் போதும். எனக்காகவே எவனோ உட்கார்ந்து செய்தது.

அம்பு போய் விழுகிற தூரம் வேறு, போய் வேலை செய்கிற தூரம் வேறு. இது தெரியாமல்தான் நீங்கள் மாப்பிள்ளையைப் பிடித்தீர்கள். தேவிபட்டினக் கரையில் நின்று என் வில்லை வானத்தைப் பார்த்து விட்டால் அம்பு கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கற்களைத் தாண்டி விழும். விழும், மீனுக்குக்கூட வலிக்காது. வேலை செய்ய வேண்டுமென்றால் நாண் எவ்வளவு பலத்தில் இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் பலமும் போதாது. விட்ட பிறகு நாண் அந்த அம்பை எவ்வளவு நீளத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதும் சேரும். அம்பு லேசாக இருந்தால் சீறிப் போகும், ஆனால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கனமாக இருந்தால் காற்றை மதிக்காது, சீக்கிரம் தலையைக் கவிழ்த்துவிடும். நான் நடுத்தரமாக எடுத்தேன். நம் கரையின் உப்புக்காற்று நாணைக் கெடுத்துவிடும் என்று மெழுகு தடவித் தடவி வைத்தேன். என் பேத்தி தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் தடவியதில்லை. ஆவணி முழுக்கக் கருவேலங்காட்டில் பூசணிக்காயை வைத்துப் பழகினேன். சிதறினதைத் தின்று ஊர் மாடெல்லாம் யானை மாதிரி ஆகிவிட்டன.

மாப்பிள்ளை வில்லில் இதில் எது இருக்கிறது? மூங்கிலும் சணல் கயிறும். வாழைக்கு முன்னால் மூச்சு படுகிற தூரத்தில் நின்று போட்டால்கூட அம்பு பட்டையை உரசிவிட்டுக் கீழே விழும். அதற்கு இத்தனை வருஷம் ஆரத்தி.

அன்றைக்கு என் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தலையணை போட்டு, அதன்மேல் வில்லை வைத்தேன். அங்கேயிருந்து வாழைமரம் ஒரு பர்லாங். சரி, நீங்கள் டேப் போட்டு அளப்பீர்கள், கால் பர்லாங். மாப்பிள்ளை நாணை விடுகிற அதே நொடியில் என் அம்பு வாழையின் நட்டநடுவில் இறங்க வேண்டும். அப்புறம் புது வேட்டியோடு இறங்கிப் போய், தட்டோடு நிற்கிற நாகலெட்சுமி முன்னால் நெற்றியைக் காட்ட வேண்டும். அவள் முகம் எப்படிப் போகும் என்று கண்ணாடி முன்னால் நடித்துக்கூடப் பார்த்திருந்தேன்.

கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்று இறங்காத நாட்கள். அந்த இடைவெளியில் காற்றுக்குப் புத்தி கிடையாது. பொட்டலில் கட்டியிருந்த தோரணங்களைப் பார்த்தேன், ஆடவில்லை. கொட்டு முழங்கியது. விசையைத் தொட்டேன். தோரணம் மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்தது.

நாகலெட்சுமி தட்டைக் கீழே வைப்பதுபோல மெதுவாக உட்கார்ந்தாள். அதற்குள் ஆரத்திக்கு என்ன அவசரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்பு அவள் கழுத்தைத் துளைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டது. அம்மன் அம்பை எடுத்து வீட்டுக் குலுக்கையில் போட்டால் நெல் குறையாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அவள் விழுந்ததைப் பார்க்காமலேயே பாதிச் சனம் அம்புக்கு அடித்துக்கொண்டது. நானும் சம்பிரதாயத்துக்கு, அம்மன் அம்பு மாதிரியே, என் அம்பில் மஞ்சள் பூசியிருந்தேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்தபோது ஒரு அம்பும் கிடைக்கவில்லை. இருளம்மாள் வீட்டுக் குலுக்கையை முதலில் கிளறுங்கள். ரேஷன் கடையிலும் முந்துகிறவள் அவள்தான். நெல்லுக்குள் கார்பன் அம்பு இருந்தால் அது என்னுடையது.

நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். கொள்ளியும் வைத்து முடிந்து, வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். கூத்தையா என் காதருகே சொல்கிறார், "என்னதான் சொல்லுங்க, குருநாதன் கையில அம்மா எறங்கியிருக்கா. என்னா வேகம்ங்கிறீங்க அந்த அம்பு."

குருநாதன் கையில்.

செருப்பைக்கூடப் போடாமல் நேரே இங்கே வந்தேன்.

பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

"அய்யா, நீங்க வாழ மரத்தத்தான குறி வச்சீங்க. காத்து தள்ளிருச்சு. தவறிப் போய் தங்கச்சி மேல பட்டுருச்சுன்னு எழுதிக்கிறேன். நடந்தது அதான?"

நல்ல மனசு உங்களுக்கு, இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியாம்மா. என் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் என் குறி தவறியதை ஊர்க்கூட்டத்தில் சொல்வார்கள். கூத்தையா ஒரு வார்த்தை விடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். எழுதினதை அடித்துவிடுங்கள். வாழைமரம் பற்றிச் சொன்னது, வேட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் அடியுங்கள். அன்றைக்குக் காற்றே இல்லை. தோரணம் நேராகத்தான் தொங்கியது. இப்போது எழுதுங்கள். நான் குறிவைத்தது என் தங்கச்சி நாகலெட்சுமியை. வைத்த இடத்தில்தான் பட்டது.