தாய்மாமன் பேர் இல்லாத கார்டு

“தாய்மாமன் பேரு அரைப்புள்ளி மாதிரிக்கா. இல்லாட்டியும் ஓடும்.”

மலேசியாவின் செனாயில், பேருந்துக்கான வரிசையில், எனக்கு முன்னால் நின்ற இளைஞன் தன் கல்யாணக் கார்டைக் கைபேசியில் அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா உளர்ற?”

“நான் புரோகிராம் எழுதுற பைத்தான்ல அரைப்புள்ளி, சுருள் அடைப்புக்குறி ஒண்ணும் இல்லாமலே ஓடும். வேண்டாததை எடுத்தா எவ்ளோ அழகு தெரியுமா!”

“அலமாக்! மாமா மண்டபத்துப் பக்கமே வரமாட்டாரு. அப்பா பேரு?”

“எடுத்தாச்சு. என் பேரு, பொண்ணு பேரு, தேதி, மண்டபம். போதும் லா.”

“பொண்ணு ஒத்துக்கிச்சா?”

“அதுவும் பைத்தான்தான். இப்பதான் இன்னும் சுருக்கி அனுப்பியிருக்கு. தொறந்து பாருங்க.”

அக்கா பார்த்தாள்.

“உன் பேரைக் காணோமேடா!”

அவன் கைபேசியை வாங்கிப் பார்த்தான். வரிசை நகர்ந்தது, அவன் நகரவில்லை.

“ஓடும்போலதான் இருக்கு” என்றான்.