கொடி இருக்கா, மச்சான்?

எங்கள் ரயிலைக் கண்டால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும், அதில் தப்பில்லை. அரண்மனைக்குச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். ஜோத்பூரில் இறங்கும் வெள்ளைக்காரர்கள் பல் தேய்க்கும் முன்னே படம் எடுப்பார்கள்.

நான் அந்த ரயிலுக்கு அடியில் வேலை செய்தவன், ஐயா. தண்ணீர்க் குழாய், கக்கூஸ் தொட்டி. என் மனைவியின் தம்பி கேராஜையும் நான்தான் இந்த வேலையில் சேர்த்துவிட்டேன். பெட்டிக்கு அடியில் ஆள் புகுந்தால் தண்டவாளத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடியைக் கண்டால் இன்ஜின் கிட்டே வராது. நட்டவன்தான் பிடுங்க வேண்டும். வேறு கை படக்கூடாது. எங்களுக்கு அது சாமி சொன்ன மாதிரி.

அப்போது வாசல்காரன் வேலை ஒன்று காலியானது. ஐந்து நிறத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பெட்டி வாசலில் கைகூப்பி, "கம்மா கணி" என்று விருந்தாளிகளை வரவேற்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தத் தலைப்பாகையோடு என் அப்பா மேல்சாதித் தாக்கூர்களின் தெருவில் போனார் என்று, அதைத் தட்டிவிட்டு, அவரையே குனிந்து பொறுக்க வைத்தார்கள். இங்கே அதைக் கட்டச் சம்பளம் தருகிறார்கள். அடுத்தது உனக்குத்தான் என்று மேலாளர் ராத்தோட் என்னிடம் சொல்லியிருந்தார். கொடுத்தது கேராஜுக்கு.

"உங்க மீசைய எலி கடிச்சிருச்சே மச்சான், எப்படிக் குடுப்பாங்க?" என்று சிரித்தான் கேராஜ். "கவலப்படாதீங்க. நீங்க அடியிலேருந்து வெளிய வர்றப்ப உங்களுக்கும் ஒரு கும்பிடு போடுறேன்."

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அன்று காலை அடியில் அவனுக்குக் கடைசி வேலை. கொடியை நட்டுவிட்டுப் புகுந்தான். பிளாட்பாரத்தில் வரவேற்பு மேளம் தொடங்கியிருந்தது. ராத்தோட் வேகமாக வந்தார்.

"யோவ், அந்தக் கந்தலை எடுய்யா. அந்த வெள்ளைக்கார அம்மா எடுக்கிற படத்துல விழுது."

அடியில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர்மேல் குற்றமில்லை. நான் சொல்லியிருக்கலாம். பிடுங்கினேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவர் போனார். தூரத்தில் இன்ஜின் ஊதியது.

"கொடி இருக்கா, மச்சான்?" அடியிலிருந்து கேராஜின் குரல்.

"இருக்கு, இருக்கு. நீ வேலையப் பாரு."

பொய் சொல்லவில்லை, ஐயா. கொடி இருந்தது. கக்கத்தில்.

இன்ஜின் மெதுவாகத்தான் வந்து பெட்டியோடு கோத்தது. மேளச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. குழாய் பழுது என்று சொல்லி விருந்தாளிகளைக் கோட்டை பார்க்க அனுப்பினார்கள்.

காரியம் முடிந்ததும் வாசல் வேலையை எனக்கே கொடுத்தார்கள். துக்கப்பட்ட குடும்பத்துக்கு ஓர் உதவியாம். தலைப்பாகைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி பார்க்காமல், ஒரே தடவையில் கட்டினேன். வால் முதுகில் எவ்வளவு தொங்க வேண்டுமோ அவ்வளவு தொங்கியது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது இப்ப நம்ம தெருவுல யாருக்கும் வராதே. நீங்க எப்பப் பழகுனீங்க?"

மறுநாள் அவள்தான் இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் புகார் சொல்ல வந்தாள் என்று தெரியும். அவள்மேல் வருத்தமில்லை. அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்: தம்பிக்கு வேலை கிடைத்ததற்கு வெல்லம் கொடுக்க அவள் தாய்வீடு போயிருந்தாள். அப்போது அவளுடைய முக்காட்டுத் துணியில்தான் பழகினேன்.