விரிசல் விழாத வீடு

மாலை ஏழு மணி. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு சந்து... மழைக்காலத்தில் அந்த நேரத்துக்கு நாய்கூட அங்கே போகாது. நனைந்த மிளகுச் சாக்கின் நெடியும் காயல் சேற்று வாடையும் சேர்ந்து அடிக்கும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இது என் நண்பர் பிச்சுமணியின் அத்திம்பேர் வெங்கிடராமன் வீட்டில் நடந்தது. எழுபத்தெட்டாம் வருஷம்.

வீட்டின் தென்மூலை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு நிலையில் சிக்கியது. சுவரில் ஒரு விரிசல், மேலே போகப் போக அகலமாக. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார்கள். அது உடைந்தால் வீடு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். சில நாளில்... டிக். உடைந்தது.

அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தோண்டி, நிரப்பி, அது இறுகிய பிறகுதான் அடுத்த இடத்தில் கை வைக்கலாம். வெங்கிடராமனுக்கும் அது தெரியும். ஆனால் மகளின் நிச்சயதார்த்தத்தை ஆனிக்குள் முடிக்க வேண்டும். கொச்சியில் ஆனி என்றால் கொட்டுகிற மழை.

"ஆடி பொறந்துடுத்துன்னா சம்பந்தி வேற எடம் பாத்துண்டு போயிடுவா. மூலையை மொத்தமாத் தோண்டுடா," என்றார்.

தோண்டியவன் ராமர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவன் மனைவி மாயம்மாள் மணல் எடுக்கப் படகுத்துறைக்குப் போயிருந்த நேரம்... மண் சரிந்தது. ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி ஒரு 'தொப்'. அவ்வளவுதான். அடியிலிருந்து ராமர் முனகுவது கேட்டது.

மண்ணை அள்ளினால் சுவர் விழுந்துவிடும். வெங்கிடராமன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பாவி.

மாயம்மாள் திரும்பி வந்தாள். "உன் ஆம்படையான் கல்லு எடுக்க இடக்கொச்சி போயிருக்கான். நீ குழியில கான்கிரீட்டைக் கொட்டு," என்றார் வெங்கிடராமன்.

அவள் சட்டி சட்டியாகக் கொட்டினாள். காலால் மிதித்தும் விட்டாள். மழை இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிச்சுமணி பார்த்துக்கொண்டு நின்றார். அத்திம்பேருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

நிச்சயதார்த்தம் அமர்க்களமாக நடந்தது. ராமர் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று ஊரை நம்பவைத்தார்கள். புதுக் கண்ணாடி உடையவில்லை. கதவு சிக்காமல் சாத்தியது. ஆனால்... வாசற்படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. அப்புறம் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது. வீடு முழுக்க ஒரே மட்டமாக இறங்கினால் விரிசல் விழாது. வெங்கிடராமன் அந்தக் கண்ணாடியையே காட்டி, "ஒண்ணும் ஆகலை, பாரு," என்று சாதித்தார். வீட்டை விட்டு நகர மறுத்தார்.

எண்பத்திரண்டில் ஒருநாள், இதே ஏழு மணிக்கு, பிச்சுமணி அங்கே போனார். ஜன்னல் தெரு மட்டத்துக்கு வந்திருந்தது. உள்ளே விளக்கடியில் வெங்கிடராமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே மாயம்மாள் மணலைக் கொண்டுவந்து ஜன்னலோரம் கொட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை.

"என்ன பண்றே?" என்றார் பிச்சுமணி.

அவள் குனிந்து, மண்ணில் காதை வைத்து, கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்தாள்.

"அவுகதான் சொல்லுதாக, சாமி... இன்னும் ரெண்டு சட்டி போதுமாம்."