பன்னிரண்டு டின் தைலம்

"ஹலோ... ஹலோ... மதுரை ஏர்போர்ட்டுங்களா? சரக்கு ஆபீஸுக்குக் குடுங்க... ஆமா, ஆமா, கொடைக்கானல்ல இருந்து ட்ரங்க் கால்."

தபாலாபீஸ் சுவரில் சாய்ந்து நின்றான் குமாரவேல். இரண்டு நாள் காய்ச்சல் இன்னும் விடவில்லை.

"யாரு, சின்னச்சாமிங்களா? நான் குமாரவேலு. மெட்ராஸ் டிரெயினிங்ல உங்க பக்கத்துல உக்காந்தேனே... ஆமா, தைலக் கம்பெனி. ஒடம்பு கெடக்குங்க, அத விடுங்க. எங்க டின்னு பன்னெண்டு வந்துச்சா?... ஏத்தியாச்சா?"

ஆபத்தான சரக்கை விமானத்தில் அனுப்பும் முறையைக் கற்றுவர முதலாளி சேனாதிபதி போன மாதம்தான் அவனை மெட்ராசுக்கு அனுப்பியிருந்தார். யூகலிப்டஸ் தைலம் தீப்பிடிக்கும் சரக்கு. பயிற்சி பெற்றவன் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவனிடம் முதலாளி ஐந்து வெற்றுப் படிவங்களை நீட்ட, அலுப்பில் ஐந்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"கையெழுத்து என்னோடதுதாங்க... ஆனா டின்ன நான் பாக்கல. வெறும் பாரத்துல போட்டுக் குடுத்தேன்... ஆமா... ஆமாங்க, தப்புத்தான்."

இன்று வெள்ளனே பூண்டியில் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனபோதுதான், தைலம் ஊற்றும் சோலையம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அளவு குறைவு என்று சரக்கு வாங்கும் பம்பாய்க்காரன் சொல்லிவிடக் கூடாதென்று முதலாளி விளிம்பு வரை நிரப்பச் சொன்னாராம்.

"துளி எடம் விடலங்க. மேல போகப் போகக் காத்தழுத்தம் கொறையும், ரொம்பின டின்னு மூடிய நெம்பிக்கிட்டு ஒழுகும்னு டிரெயினிங்ல சொன்னாங்களே... நீங்க அன்னைக்குத் தூங்கிட்டீங்க. நானும் பாதித் தூக்கம்தான். அது மட்டும் நெனப்புல நிக்குது... எத்தன பேரு ஏறியிருக்காங்க?... இருபத்தொண்ணா..."

மூன்று நிமிடம் முடிந்ததென்று நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரம்மா குறுக்கிட்டாள்.

"இன்னொரு மூணு நிமிஷம் போடுங்கம்மா. துண்டிச்சிராதீங்க... ஹலோ, சின்னச்சாமி? எழுதிக்கோங்க. கையெழுத்துப் போட்டவனே எறக்கச் சொல்றான்னு எழுதுங்க... வேலையா? போகும். தெரிஞ்சுதான் சொல்றேன். வெரசாப் போங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க."

சின்னச்சாமி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். குமாரவேல் காதில் விமான இரைச்சல் மட்டும் கேட்டது. இரைச்சல் கூடியது. பிறகு சட்டென்று நின்றது. பறந்து போய்விட்டதா, நிறுத்திவிட்டார்களா, அவனுக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஹலோ... ம்... நிப்பாட்டியாச்சா? பன்னெண்டும் எறக்கியாச்சா? எண்ணிப் பாத்தீங்களா?... மூணு டின்னு இப்பவே ஈரமா?... ம். இங்க குளுர்ல ரொப்புனது. மதுரை வெயிலுக்கே தாங்கல."

கண்ணை மூடிக்கொண்டான். சின்னச்சாமி நல்ல மனுஷன். சோதனையில் தாங்களே கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்வதாகவும், குமாரவேலின் பெயரே வராதென்றும் சொன்னார்.

"வேணாங்க... புரியுது, எனக்காகத்தான் சொல்றீங்க. ஆனா அதே மாதிரி நாலு பாரம் இன்னும் முதலாளிகிட்ட இருக்கு. எம்பேரப் போட்டு எழுதுனாத்தான் அதெல்லாம் செல்லாமப் போகும்... ஆமா. குமாரவேல். தகப்பனார் பேரு பொன்னுவேல். கையெழுத்துப் போட்டவன் சரக்கப் பாக்கலன்னு..."

லைன் அறுந்துவிட்டது.