நட்டவளுக்கு இல்லாத அறுப்பு

— கைய உடு. அருவாளக் குடு.

— செல்லாயி, ஒக்காரு. பஸ்ஸ விட்டு எறங்கி இன்னும் வாய்கூட கொப்புளிக்கல நான்.

— எறங்குனதுதான் எறங்குன, எங்கூட வயலுக்கு வாய்யா. சேத்துல குனிஞ்சு நட்டது நானு. ரெண்டு தரம் களை புடுங்குனது நானு. நட்டவதான் அறுக்கணும். காட்டுமன்னார்கோயில் பக்கம் எந்தக் காலத்துல இது மாறுச்சு?

— பண்ணைக் காரியக்காரரு என்னா சொல்றாரு?

— "ஒம் புருசன் தங்கராசு சுரங்க வேலைக்குப் போயிட்டான், நீ ஒத்தப் பொம்பள அறுத்தா கட்டு தூக்க யாரு இருக்கா?"ன்றாரு. நேத்து வெளியூரு சனம் முப்பது பேரு வந்து எறங்கியிருக்கு, புருசனும் பொண்டாட்டியுமா. பாதிக் கூலி போதுமாம். வெக்கங்கெட்டதுங்க.

— அதுங்களும் வவுத்துக்குத்தான வந்துருக்கு.

— என் வவுறு என்னா வவுறு? தை பொறந்தா நெல்லு வரும்னு சொல்லிச் சொல்லித்தான் புள்ளைங்க கஞ்சியில தண்ணி ஊத்துனேன். இனிமே என்னாத்தச் சொல்லுவேன்?

— நானும் நாலு நயா பைசா சேக்கத்தான போனேன். அறுப்பு முடிஞ்சா இங்க ஆறு மாசம் சும்மாதான கெடக்குறோம்.

— அதயா கேட்டேன்? வரப்புல குறுக்க நிக்கணும். வரியா, வரலியா?

— வரல.

— ஏன், பயமா? அது சரி, மண்டையில என்னா கட்டு?

— கல்லடி. சுரங்கத்துக் கேட்டுல.

— எவன் அடிச்சான்?

— சுரங்கத்துக்கு நெலத்தக் குடுத்துட்டு நிக்கிற சனம். அதுங்களுக்கு வேலை தராம, கொறஞ்ச கூலிக்கு வர்றோம்னு எங்கள வச்சிக்கிட்டான் காண்ட்ராக்டரு. ஒரு கெழவன் என் சட்டையப் புடிச்சிக்கிட்டு, "என் மண்ணுலடா வேலை, நீ ஒன் ஊருக்குப் போ"ன்னு அழுதான்.

— அதுங்க கல்ல எடுத்ததுல என்னா தப்பு? நான் அருவாள எடுத்துக்கிட்டு நிக்கல?

— தப்புன்னு நான் சொல்லலியே.

— இன்னும் அங்கியே நிக்குதா அந்த சனம்?

— இல்ல. தெனம் கல்லுக்குப் பயந்துக்கிட்டு என்னால உள்ள போவ முடியல. அதுங்க பசியையும் பாக்க முடியல. "எங்க ஊரு ஆம்பளைங்க பூரா இங்க இருக்கோம், அங்க அறுக்க ஆளு இல்ல"ன்னு, நம்ம பண்ணை பேரச் சொல்லி அனுப்பி வச்சவன் நான்தான், செல்லாயி.