கார்லீன் போடாத கையெழுத்து

– இரு இரு. நீ கையெழுத்தே போடலையா, கார்லீன்?

– கத்தாதே ரஸ். பேண்டு வாத்தியார் இப்பத்தான் வண்டிப் பக்கமா போனார்.

– அவர் காதுல விழுந்தா விழட்டும். இன்னும் கால் மணி நேரத்துல நம்ம பொண்ணு ஐலி டிராம்போன் பெட்டியைத் தூக்கிட்டு அந்த ஸ்கூல் கதவு வழியா வருவா. அஞ்சு மணிக்கு காலேஜ்ல இடம் கிடைச்சுதான்னு ரிசல்ட் போடறாங்க. அதுக்குன்னு நம்ம ரெண்டு பேரையும் வரவழைச்சிருக்கா. விவாகரத்தாகி மூணு வருஷத்துல நாம ஒரே வண்டியில உட்கார்றது இன்னிக்குத்தான். நீ இப்ப வந்து சொல்றியே!

– வேற எப்ப சொல்றது? ஒரு மாசமா நெஞ்சுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருக்கேன். யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சிருவேன் போல இருந்தது. ஆப்டது நீதான்.

– ரொம்ப சந்தோஷம்.

– பூட்ஸை அந்த ரப்பர் விரிப்பு மேல வை. பனி பூரா உள்ள கொண்டாந்துட்டே.

– என் டிரக்குல ஹீட்டர் செத்துப்போச்சு. இல்லேன்னா உன் வண்டியில யாரு ஏறுவா? பேச்சை மாத்தாதே. முன்கூட்டியே மனு போட்டா மூணு கையெழுத்து வேணும்னு தெரியுமில்ல? பொண்ணு ஒண்ணு, ஸ்கூல் கவுன்சிலர் ஒண்ணு, பெத்தவங்கள்ல ஒருத்தர். இடம் குடுத்தா இங்கதான் சேருவோம், வேற எங்கயும் போகமாட்டோம்னு.

– தெரியும். ஒண்ணு குறைஞ்சாலும் மனுவைத் தூக்கி, வசந்தகாலத்துல பார்க்கற பொதுக் கட்டுல போட்டுருவாங்கன்னும் தெரியும். எனக்குத்தானே மெயில் வந்தது. தினம் ராத்திரி பாத்திரம் கழுவிட்டு வந்து திறப்பேன். பேரை அடிச்சு ஒரு பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான். 'கா'ன்னு அடிப்பேன், அழிப்பேன்.

– எதுக்கு?

– நான் ஒண்ணு கேக்கட்டுமா? பல் டாக்டர் ஆபீஸ்ல போன் எடுக்கறவளுக்கு என்ன சம்பளம்னு உனக்குத் தெரியுமா? அந்தக் காலேஜ் இணையதளத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர்னு காட்டுச்சு. உன் ஆலைச் சம்பளத்தையும் சேர்த்து.

– என் ஆலைச் சம்பளம் ஆகஸ்டோட முடிஞ்சு போச்சே.

– அதையும் யோசிச்சுப் பார். அப்புறம் படிப்பு. என்ன படிக்கப்போறான்னு ஊர்ல யாராவது கேட்டா என்ன சொல்றது? நிலவியலாம், கல்லு! கல்லைப் படிக்க ஆயிரத்து இருநூறு மைல் போகணுமா? கொல்லைப்புறத்துல மண்வெட்டியை வெச்சா எல்லாம் கல்லுதான். பக்கத்துலயே நர்சிங் இருக்கு. வீட்ல இருந்தே போய்ட்டு வரலாம்.

– அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும், கார்லீன். என் விரல்ல தூண்டில் முள்ளு ஏறினப்போ யாரு கீழ விழுந்தா? நானா, அவளா?

– சரி, அது ஒண்ணும் பொய்யில்லை.

– அப்புறம் இந்தா பாரு. காசு கட்டுபடியாகலைன்னா மட்டும் விலகிக்கலாம். ஒரு சண்டையும் வராது. கவுன்சிலரம்மா என்கிட்டயே போன்ல சொன்னாங்க. உன்கிட்ட சொல்லலையா?

– சொன்னாங்க.

– அப்ப?

– காதுல வாங்கிக்கலை.

– ஏன்?

– ஏன்னா காசு இல்லை காரணம்! போதுமா? அவ போயிட்டா அந்த வீட்ல எனக்குன்னு யாரு இருக்கா, ரஸ்? காலையில அவ கதவைச் சாத்தற சத்தத்துலதான் எனக்குப் பொழுதே விடியுது. அந்தப் பாழாப்போன டிராம்போனை ஊதும்போது தலைவலிக்குதுன்னு கத்துவேன். ஆனா ஊதலைன்னா போய் ஏன்டி ஊதலைன்னு கேப்பேன். இதை எப்படி நான் என் கையாலயே எழுதிக் குடுக்கறது? நீ போனப்பவும் கையெழுத்துத்தான் கேட்டே.

– ம்.

– என்ன ம்? திட்டு. திட்டத்தானே உன்கிட்ட சொன்னேன். இன்னும் பத்து நிமிஷத்துல அவ போனைத் திறப்பா. 'உங்க மனு முழுமையா வரலை'ன்னு இருக்கும். அப்புறம் என் மூஞ்சியைப் பார்ப்பா. அதை நினைச்சாத்தான் எனக்கு...

– அழாதே. இந்தா பாரு, அழாதே. நான் போட்டேன்.

– என்ன போட்டே?

– கையெழுத்து.

– ரஸ், விளையாடற நேரமா இது?

– சத்தியமா. நவம்பர் பதினஞ்சு காலையில. கடைசி நாள்.

– பதினஞ்சா? அது மான் வேட்டை தொடங்கற நாளாச்சே. அன்னிக்கு வானமே இடிஞ்சு விழுந்தாலும் நீ மான் குடிசையை விட்டு வெளிய வரமாட்டியே. உங்க அப்பா அடக்கத்தையே பதினேழாம் தேதிக்குத் தள்ளிவெச்ச குடும்பம்யா உன்னுது!

– அப்பாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இருந்திருக்காது. கடைசித் தேதியை அன்னிக்குப் பார்த்து வெச்சிருக்காங்களே, அந்தக் கிழக்குப் பக்கத்துக் காலேஜ் ஆளுங்களைச் சொல்லு. ஐலி காலையில லிங்க்கோட சேதி அனுப்பினா. 'அப்பா, அம்மாவால முடியலை. நீங்க போடறீங்களா?'ன்னு. கேள்வி ஒண்ணும் கேக்கலை, குத்தமும் சொல்லலை. குடிசையில சேதி வர்ற அளவுக்குத்தான் சிக்னல், தளம் திறக்காது. மரத்து மேல கட்டின பரண்ல ஏறினாத்தான் திறக்கும். ஏறிட்டேன். அந்த நேரம் பார்த்து முப்பதடி தூரத்துல எட்டுக் கிளைக் கொம்போட ஒரு கிடா மான். வாழ்க்கையில அப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. நான் பொத்தானை அமுக்கறேன், போன் 'டிங்'னு கத்துது.

– அய்யய்யோ.

– பறந்துட்டான். கீழ நின்ன உன் தம்பி கோர்டி இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்லை.

– அதான் தேங்க்ஸ்கிவிங் விருந்துல உன் பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளினானா? ஒரு நிமிஷம். அம்மாவால முடியலைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

– தளத்துலயே காட்டும். யாரு போட்டா, யாரு போடலைன்னு.

– அப்ப ஒரு மாசமா அவளுக்குத் தெரியுமா? எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டாளே! ஒரு வார்த்தை கேக்கலையே, ரஸ்!

– உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்ப நீ அழறதைப் பார்த்து நான் உடைச்சுட்டேன். கோபமா?

– கோபமா? நிம்மதியா இருக்குய்யா. வெக்கமாவும் இருக்கு, ஆனா அப்படி ஒரு நிம்மதி. மார்மேல இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துட்ட மாதிரி இருக்கு. கையை நீட்டு.

– எதுக்கு? ஆ! எதுக்குக் கிள்றே?

– இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தியே, அதுக்கு. சரி, இடம் கிடைச்சா காசு?

– விட்டுப்போன அப்பனோட வருமானத்தையும் தனியா ஒரு படிவத்துல கேப்பாங்கல்ல? அனுப்பிட்டேன். ஆலை மூடினது, டிரக்குக் கடன், எல்லாம் உள்ளது உள்ளபடி. நான் வெறுங்கையா நிக்கறது ஒருத்தருக்காவது உபயோகப்படட்டும்னு.

– முதல் தடவை.

– முதல் தடவைதான். அப்புறம் ஒரு கடுதாசியும் அனுப்பினேன்.

– என்ன கடுதாசி?

– சிபாரிசு. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒண்ணு எழுதினாருல்ல, அது மாதிரி. பிள்ளையைப் பத்தி வீட்ல ஒருத்தரும் எழுதலாம்னு அந்தக் காலேஜ்ல ஒரு வழக்கம்.

– நீயா? கிறிஸ்மஸ் அட்டையிலயே 'ரஸ்'னு மட்டும் எழுதி நீட்டுவே. நீ கடுதாசி எழுதினியா?

– பரண்லயே உட்கார்ந்து ரெண்டு மணி நேரம். கட்டைவிரலால. இன்னொரு கிடாவும் அதுல போச்சு.

– என்ன எழுதினே?

– அதை விடு.

– என்னைப் பத்தி ஏதாவது எழுதினியா? கையெழுத்துப் போடமாட்டேங்கறான்னு போட்டுக்குடுத்தியா? ரஸ், என்னைப் பார்த்துச் சொல்லு.

– வர்றா பாரு. கதவைத் திற, பெட்டி பெருசு.

– அம்மா, நகருங்க. அப்பா, அந்த டிராம்போனைப் பிடிங்க. மணி என்ன?

– நாலு அம்பத்தொம்பது. இங்க வா, ஐலி. கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? கையுறை எங்க?

– அம்மா, இப்ப கையுறையா முக்கியம்? ரெண்டு பேரும் பேசாம இருங்க. வந்திருச்சு. கடவுச்சொல் தப்பாப் போட்டுட்டேன். இருங்க. திரும்ப.

– மெதுவா அடிடி.

– அம்மா.

– என்ன? என்ன போட்டிருக்கு?

– கிடைச்சிருச்சும்மா! கிடைச்சிருச்சு! அப்பா, என் பேர்தான் போட்டிருக்கு, பாருங்க!

– அப்பாவே பார்க்கட்டும், எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. காசு எவ்வளவுன்னு பார்.

– கீழ இன்னொரு தாள் இருக்கு. நாம கட்ட வேண்டியது வருஷத்துக்கு நாலாயிரத்து இருநூறு.

– மாசத்துக்கா?

– வருஷத்துக்கும்மா! வருஷத்துக்கு!

– ரஸ், நீ பார். ஒரு சைபர் விட்டுப்போயிருக்கான்னு பார்.

– இல்லை கார்லீன். நாலும் ரெண்டும் ரெண்டு சைபரும்தான்.

– அப்பாடி! அப்பாடா! ஐலி, இங்க வா, கிட்ட வா. நான் உனக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கையெழுத்து...

– தெரியும்மா.

– தெரியும்னு தெரியும். ஏன் கேக்கலை நீ?

– கேட்டிருந்தா போட்டிருப்பீங்க. அப்புறம் நான் வற்புறுத்திப் போடவெச்ச மாதிரி ஆயிடும். உங்க முகத்தைப் பார்த்துட்டு நான் எப்படிப் போறது?

– எனக்கு மனசு வரலைடி. கல்லு, காசுன்னு ஆயிரம் சாக்குச் சொன்னேன். மனசு வரலை, அவ்வளவுதான்.

– அதுவும் தெரியும்மா. அழாதீங்க, வண்டிக் கண்ணாடியெல்லாம் ஆவி படியுது. இருங்க, அடியில ஒரு குறிப்பு இருக்கு. காலேஜ்ல மனுவைப் படிச்சவங்க தனியா எழுதியிருக்காங்க.

– அதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம். பசிக்குது. யாருக்காவது கறி வெச்ச பேஸ்டி வேணுமா? நான் வாங்கித் தரேன், சூடா.

– ரஸ், உட்கார். நீ படி, ஐலி.

– 'அன்புள்ள ஐலி, உன் அப்பாவிடம் உன்னைப் பற்றித்தான் எழுதச் சொன்னோம். அவர் எழுதிய இரண்டு பக்கமும் உன் அம்மாவைப் பற்றி. அந்தக் கடிதத்தை எங்கள் அறையில் சத்தமாகவே படித்தோம். நீ இங்கே வரும்போது உன் அம்மாவையும் அழைத்து வா. கடிதத்தின் கடைசி வரியை அவர்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை...'

– ஐலி, போதும்மா. போனைக் குடு.

– நீ சும்மா இரு, ரஸ். என்ன வரி? படிடி.

– 'இவளை அனுப்பக் கை வராமல்தான் இவள் அம்மா கையெழுத்துப் போடவில்லை. இதைவிட நல்ல சிபாரிசு எனக்கு எழுதத் தெரியாது.'