இறுக்காத முடிச்சு

கரி போட்டுக் கப்பல் ஓட்டுன காலம் மக்கா. நம்ம தூத்துக்குடிக் கடற்கரையில எங்க பூட்டன் இன்னாசின்னு ஒருத்தர் இருந்தாரு. அதே காலத்துல ஜப்பான் தேசத்து வடகோடியில, குளிர் வந்தா ஏரியே கெட்டிச்சுத் தரையாகிற ஒரு ஊர்ல, ஷோக்கிச்சின்னு ஒரு இளவட்டம் இருந்தானாம். இவரு எங்க, அவன் எங்க. ரெண்டு பேரையும் ஒரு கப்பல் சேர்த்து வச்சிச்சு. ஏற்கெனவே கேட்டவங்க வாயை மூடிக்கிட்டு இன்னொரு தரம் கேளுங்க.

அந்த ஊர்ல ஐஸ் மேல ஹாக்கி ஆடுவாங்களாம். ஐஸ்னா உங்களுக்கு சர்பத்துல போடுறதுதான் தெரியும். நம்ம உப்பளம் பூராவும் வழுக்குனா எப்படி இருக்கும், அப்படி. சேவலுக்குக் கட்டுற மாதிரி கால்ல கத்தி கட்டிக்கிட்டு அதுமேல ஓடுவாங்களாம். பந்து கிடையாது, வட்டமா ஒரு ரப்பர் கட்டை. அது வலைக்குள்ள போகாம மறிக்கிற கோலி நம்ம ஷோக்கிச்சி. மூஞ்சிக்கு ஒரு மறைப்பு கிடையாது. கால் மெத்தை மட்டும் உண்டு, அவன் அம்மா படுக்கிற மெத்தையைப் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தது.

அந்த ஊர்லேர்ந்து கடல் தாண்டி ஆடப் போன மொத ஆள் அவன்தானாம். ஊரே ரயிலடிக்கு வந்து வழியனுப்பிச்சாம்.

அவனும் அவன் கூட ஆடுறவங்களும் ஏறுன வெள்ளைக்காரன் கப்பல்ல பூட்டன் கலாசி. கயிறு சுத்துறதும் வீசுறதும் அவரு வேலை. ஒரு நாள் பார்த்தா, ஒரு பய மேல்தட்டுல ரெண்டு பீப்பாய்க்கு நடுவுல குனிஞ்சு நிக்கானாம். கூட வந்தவங்க எல்லாரும் வாந்தியெடுத்துப் படுத்துட்டாங்க, இவன் மறிச்சுப் பழக எதையாவது வீச ஆள் இல்ல.

"என்ன தம்பி, எதுக்குக் காவல் நிக்க?"ன்னாராம் பூட்டன், கப்பல்ல கத்துக்கிட்ட அரைகுறை இங்கிலீசுல.

அவனும் அரைகுறை இங்கிலீசுல சொன்னானாம். "எது வந்தாலும் உள்ள விடக்கூடாது. அதான் என் வேலை."

பூட்டன் கையில கரைக்கு வீசுற கயிறு. நுனியில கனமா ஒரு முடிச்சுப் பந்து. "அப்போ இந்தா"ன்னு வீசுனாரு. நேரா நெத்தியில போய் விழுந்திச்சு. பூட்டன் பதறிப் போயிட்டாரு. அவன் நெத்தியைத் தடவிட்டு, "இன்னொண்ணு"ன்னானாம்.

அன்னையிலேர்ந்து தினம் காலையில இதே பாடு. இவரு வீசுவாரு, அவன் மறிப்பான், இவரு கயித்தை இழுத்துக்குவாரு. இன்னாசி-சான், இன்னாசி-சான்னு சுத்தி வருவானாம். சான்னா நாம அண்ணாச்சிங்கிற மாதிரி.

போய் ஆடுனாங்க. மூணு ஆட்டம், மூணும் தோல்வி. மொத்தம் பதினொரு கோல் உள்ள போயிடுச்சு.

திரும்பி அதே கப்பல்ல வந்தாங்க. கூட வந்தவங்க அவனை ஒரு வார்த்தை ஏசலையாம். ஆனா சாப்பிடும்போது அவன் பக்கத்துல மட்டும் ரெண்டு நாற்காலி காலியா கிடக்குமாம். ஏசியிருந்தாக்கூடப் பரவாயில்ல மக்கா.

அஞ்சாம் நாள் மத்தியானம் மேல்தட்டுக்கு வந்தான். கையில அந்தக் கால் மெத்தை ரெண்டும். நேரா கம்பிகிட்ட போனான், கடல்ல போட. பூட்டன் ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுட்டாரு.

"விடுங்க இன்னாசி-சான். இனி நிக்கமாட்டேன். பதினொண்ணு. ரயிலடியில எல்லாரும் நிப்பாங்க. நான் பதினொண்ணுன்னு சொல்லணும்."

"சொல்லு. மொதல்ல சட்டையைக் கழத்து"ன்னாராம் பூட்டன்.

கழத்துனான். உடம்பெல்லாம் கன்னிப் போய்க் கருநீலமா கிடக்கு. புன்னை எண்ணெய் எடுத்துட்டு வந்து தடவுனாராம். தடவத் தடவ ஒவ்வொரு தடத்துக்கும் கயித்துல ஒரு முடிச்சு. தோள்ல ஒண்ணு. விலாவுல ஒண்ணு. ஒரே இடத்துல மஞ்சளும் நீலமும் கலந்திருந்தா, "இது ரெண்டு தரம் வாங்குனது"ன்னு ரெண்டு முடிச்சு. அந்தப் பிள்ளை பட்டதை நினைச்சு அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். செபமாலை மாதிரி கயிறு நீண்டுக்கிட்டே போச்சு.

"எண்ணு"ன்னாரு.

எண்ணுனான். அறுபத்திமூணு.

"உள்ள போனதை ஊரே எண்ணும். உன் உடம்புல நின்னதை எவன் எண்ணுனான்? ரயிலடியில பதினொண்ணையும் சொல்லு, இதையும் காட்டு."

கடைசியா இன்னொரு முடிச்சு போட்டு, இறுக்காம விட்டாராம். "இது உனக்கு. அடுத்து ஒண்ணைத் தடுத்துட்டு நீயே இறுக்கிக்கோ."

அவன் கயித்தைச் சுருட்டிக் கையில எடுத்துக்கிட்டானாம். அப்புறம் மெத்தையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கீழ போனான்.

அதுக்கப்புறம் உலகச் சண்டை வந்துச்சு, கப்பல் நின்னுச்சு, ஒரு சேதியும் இல்ல. வருசம் ஓடிப் போச்சு. பூட்டனுக்குக் கண்ணு மங்கிப் போன காலத்துல ஒரு ஜப்பான்காரக் கப்பல் அதிகாரி, இன்னாசி-சான் வீடு எதுன்னு கேட்டுக்கிட்டே நம்ம தெருவுக்கு வந்தாராம். கையில ஒரு தகரப் பெட்டி.

"நான் ஷோக்கிச்சிக்குத் தங்கச்சி மகன். எங்க மாமா அதுக்குப் பொறவு பதினெட்டு குளிர் காலம் கோல் நின்னாரு. எங்க நாட்டுச் சட்டை போட்டுக்கிட்டுத் திரும்பவும் கடல் தாண்டி ஆடுனாரு. போன குளிர்ல தவறிட்டாரு. இதை உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாரு."

பெட்டியைத் திறந்தா கயிறு. அது கூட இன்னொரு கயிறு பின்னி, அது கூட இன்னொண்ணு. பூட்டன் விரலால தடவிக்கிட்டே வந்தாராம். "இது என் கை. இதுவும் என் கை." அறுபத்திமூணு தாண்டுனதும் நின்னாரு. "இங்கேர்ந்து அவன் கை. பய நல்லா இறுக்கியிருக்கான்." தடவித் தடவி நுனிக்கு வந்தாரு. கடைசி முடிச்சு இறுக்காம இருந்திச்சு. அங்கதான் எங்க பூட்டன் வாய்விட்டு அழுதாராம்.

மறுநாளே அதைக் கொண்டுபோய் நம்ம உப்பளத்து மைதானத்து கோல் கம்பத்துல கட்டினாரு. அந்தக் கயிறு உப்புக் காத்துல இத்துப் போச்சு. இப்போ கிடக்கிறது நாலாவது கயிறு. இன்னைக்கும் நம்ம கோலி, தடுத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு போடுவான், கடைசி முடிச்சை இறுக்கமாட்டான். வெளியூர்க்காரன் பார்த்துட்டு, "எட்டு கோல் வாங்குனவன் கயிறு கட்டுறான் பாரு"ன்னு சிரிப்பான். சிரிக்கட்டும். நம்ம பய ஆட்டம் முடிஞ்சு போகும்போது அந்த முடிச்சுக்குள்ள ஒரு விரலை விட்டுப் பார்ப்பான். மறுநாள் அதை இறுக்க வந்துடுவான்.